கண்ணாடிக்குள் ஒரு சண்டை

"முழிச்சிட்டியா?"

"கண்ணு திறந்திருக்கு."

"நான் அதைக் கேக்கல."

"அப்ப முழிக்கல."

லிஃப்ட் ரிப்பேர்காரர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்றார். வெளியே வானம் பாத்திரம் துடைத்த துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மழை பெரிதாகவும் பெய்யவில்லை, விடவும் இல்லை. போர்வைக்குள் அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"இந்த ஊர்ல எத்தனை மாடி இருக்கோ அத்தனைக்கும் லிஃப்டை மேல ஏத்திடறேன். உன்னை ஒருத்தியைத்தான் கட்டில்லேர்ந்து தரைக்கு எறக்க முடியல."

"கயிறு அறுந்திருக்கும். பாருங்க."

"கிண்டல் வருதே! அப்ப பாதி சரியாயிடுச்சு."

"அது வாய். வாய்க்கு எப்பவும் ஒண்ணும் ஆகாது. மத்ததுதான் எழுந்திருக்க மாட்டேங்குது."

வருஷா வருஷம் இதே கதைதான். மழை மாதம் பிறந்து சூரியன் மேகத்துக்குள் போய்விட்டால், அவளும் கூடவே எங்கோ போய்விடுவாள். சோறு மண் மாதிரி இருக்கும். நிறங்களெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன மாதிரி தெரியும். டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல. வெளிச்சம் குறைஞ்சா சிலபேருக்கு மனசு இப்படி அடங்கிடும். பிடிச்ச வேலை ஏதாவது செய்ங்க" என்றிருந்தார். கணவர் படுக்கையறையில் பெரிய வெள்ளை விளக்கு ஒன்றைப் பொருத்தினார். அதற்குக் கீழே படுத்தால் யாராவது ஆபரேஷன் கத்தியோடு வருவார்களோ என்று பயமாக இருந்தது. கணவரின் அக்கா பின்னல் ஊசியும் கம்பளி நூலுமாகக் கொண்டுவந்து கொடுத்து, "கையை வேலை வாங்கு, மனசு தானா வரும்" என்றாள். ஒற்றைக் காலுறையில் பாதி முடிந்தது. அதற்குமேல் கையும் வரவில்லை, மனசும் வரவில்லை.

பிடித்த வேலை இல்லாமலும் இல்லை. கடைத்தெருவின் மூன்று மாடித் துணிக்கடையில் அவளுக்கு ஜன்னல்காரி என்று பெயர். கடை முகப்பில் தரையிலிருந்து மேல்தளம்வரை ஒரே கண்ணாடி. அதற்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்தி, நிறுத்தி, தெருவில் போகிறவர்களை ஒரு நிமிஷம் தடுத்து நிறுத்துவதுதான் அவள் உத்தியோகம். வெயில் காலத்தில் அவள் ஜோடித்த ஜன்னலைப் பார்த்துச் சைக்கிள்கள் மோதிக்கொண்டதுண்டு. மழைக்காலத்தில் மட்டும் பழைய ஜோடனையையே இடம் மாற்றி வைத்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று எப்படியோ எழுந்து, எப்படியோ போனாள். குடையை உதறிக்கொண்டு நுழைந்தபோது முதலாளியும் அவருடைய மாப்பிள்ளையும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றார்கள். மாப்பிள்ளை கையில் அளவு டேப்.

"வாம்மா. உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்."

"டேப் வச்சுக்கிட்டா?"

முதலாளி சிரிக்கப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா" என்றார் மாப்பிள்ளை. "பஸ் வர்ற வரைக்கும் இத்தனை பேர் நம்ம கூரைக்கு அடியிலதான் ஒதுங்கி நிக்கிறாங்க. ஒருத்தராவது திரும்பிப் பார்க்கறாங்களா?"

பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக முதுகுகள். நனைந்த முதுகு, பை தொங்கும் முதுகு, கூன் விழுந்த முதுகு. எல்லோரும் மழையையும் பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பொம்மைகளை ஒரு நாய்கூடப் பார்க்கவில்லை.

"முதுகைக் காட்டுறவங்களுக்கு எதுக்கு நாம சிங்காரிச்சுக் காட்டணும்? பெரிய ஸ்கிரீன் ஒண்ணு மாட்டிட்டா, பாட்டும் படமுமா நாள் முழுக்க ஓடும். திரும்பித்தானே ஆகணும்?"

"பொம்மைங்க?"

"மாடிக்குப் போயிடும்."

"நான்?"

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். "நீயும் மாடிக்குத்தான்மா. துணி மடிக்க ஆள் வேணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காங்க. உன் சம்பளத்துல ஒரு குறையும் வராது."

வேறு மாதமாக இருந்திருந்தால் அந்த டேப்பைப் பிடுங்கி மாப்பிள்ளையின் வாயை அளந்திருப்பாள். மழை மாதம் என்பதால், "சரி" என்றாள்.

"சனிக்கிழமை ஸ்கிரீன் வருது. அதுவரைக்கும் எதையாவது வச்சு ஒப்பேத்துங்க" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனார்.

ஒப்பேத்துவதாம். அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லையே. ஒரு மாதமாக அவள் செய்வது அதைத்தானே?

மாடிப்படிக்குக் கீழே தையல் அறை. கணவரின் அக்காதான் அங்கே தையல்காரி. வாயில் நான்கு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசக் கூடியவள்.

"சரின்னா சொன்னே? நீயா?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க, அண்ணி?"

"ஏன், எதுக்குன்னு நாலு கேள்வி கேட்டிருக்கலாமே!"

"கேள்வி வந்தாத்தானே கேக்க. மண்டைக்குள்ள ஈ ஓட்டிட்டிருக்கேன்."

நாத்தனார் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டையில் குத்திக்கொண்டாள். "சரி, போறதுதான் போகுதுங்க, குளிச்சுட்டாவது போகட்டும். உன் பொம்மைங்க அக்குள்ல பார்த்தியா? பூஞ்சை பூத்து நிக்குது. வா, கழட்டு."

கடையில் அவற்றுக்கு அப்பா, அம்மா, பிள்ளை என்று பெயர். பொம்மைகளின் கை தனி, உடல் தனி. தோளில் ஓர் இரும்புக் கொக்கி. திருகினால் கழன்றுவரும், திருப்பித் திருகினால் கிளிக்கென்று மாட்டிக்கொள்ளும். மூன்றும் ஒரே இடத்தில் செய்த பொம்மைகள் என்பதால் பெரியவை இரண்டுக்கும் கொக்கி ஒரே அளவுதான். கை மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கையின் தோள் முனையிலும் 'அப்பா இடது', 'அம்மா வலது' என்று மையால் எழுதி வைத்திருந்தாள் ஜன்னல்காரி. அவள் உடல்களைத் துடைத்தாள். நாத்தனார் கைகளைத் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். அவளுக்குத் தேய்ப்பதென்றால் கரி, மை என்ற பேதமெல்லாம் கிடையாது.

உலர்ந்த கைகளை மாலையில் மாட்டினாள் ஜன்னல்காரி. எழுத்தைத் தேடினாள், காணவில்லை. தேடியதே அன்றைக்குப் பெரிய விஷயம். எடுத்த கையை இருந்த தோளில் வைத்துத் திருகினாள். கிளிக். போதும். அப்பாவுக்குச் சாம்பல் நிறக் கோட்டு, அம்மாவுக்கு நீலக் கோட்டு, பிள்ளைக்கு மஞ்சள் மழைச்சட்டை. ஜன்னலை முடித்ததும் தெருவைத் தாண்டி எதிர்ச்சாரியில் நின்று ஒருமுறை பார்ப்பதுதான் அவள் வழக்கம். கிட்டே நிற்கிறவளுக்குத் துணி தெரியும், தூரத்தில் நிற்கிறவளுக்குத்தான் ஜன்னல் தெரியும் என்பாள். மழைக்காலத்தில் அதையும் விட்டிருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள்.

மறுநாள் காலை தெருமுனை திரும்பியபோது என்னவோ சரியில்லை என்று பட்டது. கூரைக்கு அடியில் வழக்கமான கூட்டம்தான். ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டிய முகங்களைக் காணோம். எல்லோரும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து நின்றார்கள்.

'கண்ணாடி உடைஞ்சிருச்சு. இல்லேன்னா பொம்மை விழுந்து தலை உருண்டிருச்சு' என்று நினைத்துக்கொண்டு, குடையைத் தாழ்த்தி, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சாவியைக் கேக்குறாம்மா அவ. கையை நீட்டுறதைப் பாருங்க" என்றாள் காய்கறிப் பை வைத்திருந்த ஒருத்தி.

"சாவியெல்லாம் இல்ல ஆன்ட்டி. போனைக் கேக்குறாங்க. நேத்து யாரோட பேசினேன்னு பார்க்கணுமாம்." இது கல்லூரிக்குப் போகும் பெண்.

"அவன் குடுக்கிற மாதிரியா நிக்கிறான்? தப்பையும் பண்ணிட்டு இடுப்புல கையை வேற வச்சுக்கிட்டான், திமிரு!"

"அந்தக் கையை நல்லாப் பாருங்க ஆன்ட்டி. நகத்துல பாலிஷ்."

"அட, ஆமா! அதான் தகராறே. என் பாலிஷ் பாட்டிலை ஏன்யா தொட்டேங்கறா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜன்னல்காரி எட்டிப் பார்த்தாள். அப்பாவின் தோளிலிருந்து அம்மாவின் மெல்லிய கை இறங்கி, இடுப்பில் ஒய்யாரமாக ஊன்றியிருந்தது. நீலக் கோட்டின் கையிலிருந்து அப்பாவின் அகன்ற உள்ளங்கை வெளியே வந்து, 'எடு, எடு' என்று அதட்டுவது போல் நீண்டிருந்தது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில்கூட இப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடிவிடலாமா?

"அந்தப் பிள்ளைதான் பாவம்" என்றாள் காய்கறிப் பைக்காரி. "யார் பக்கம் பேசுறதுன்னு தெரியாம அண்ணாந்து பார்த்துட்டு நிக்குது."

இதுவரை வாயே திறக்காத ஒரு பெரியவர், மழைக்கோட்டின் கழுத்துப் பொத்தான்வரை போட்டவர், தொண்டையைச் செருமினார். "பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எடுத்ததே அதுதான்."

இப்போது எழுந்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க ஆன்ட்டி, அந்தம்மா என்னதான் கேக்குறாங்க?"

யாரைக் கேட்கிறாள் என்று ஜன்னல்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். தன்னைத்தான்.

"குடையை எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு கேக்குறா" என்றது அவள் வாய். "இந்த மழைக்கு இது மூணாவது குடை."

"அவர் என்ன சொல்றார்?"

"'நான் எங்கடி விட்டேன்? அதுதான் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு' ங்கறாரு."

"அப்படிப்பட்ட ஆள்தான்! மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே!" என்று காய்கறிப் பைக்காரி தன் முழங்காலில் தட்டிக்கொண்டாள். பஸ் வந்தது, நின்றது, ஹாரன் அடித்தது, போயும் விட்டது. "ஐயையோ, என் பஸ்ஸு!" என்று மழைக்கோட்டுப் பெரியவர் தண்ணீரில் சளக் சளக்கென்று ஓடினார். ஜன்னல்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்காமலே வந்த சிரிப்பு; நிறுத்தத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே மாப்பிள்ளை காத்திருந்தார்.

"என்னம்மா கூத்து இது? ஆம்பளைக்குப் பொம்பளை கையா? ஊரே நின்னு சிரிக்குது!"

"நிக்குதா இல்லையா?"

"சிரிக்குதுங்கறேன். மரியாதையா அவங்கவங்க கையை அவங்கவங்களுக்கு மாட்டுங்க. இன்னிக்கே."

தையல் அறையில் நாத்தனார் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். "எல்லாம் என்னாலதாண்டி. அழுக்குன்னு நினைச்சு எழுத்தையும் சேர்த்துத் தேய்ச்சுட்டேன். நானே போய் மாப்பிள்ளைகிட்ட சொல்லிடறேன்."

"அண்ணி, உங்க கையைக் குடுங்க."

"எதுக்கு? அடிக்கவா?"

"கண்ணுல ஒத்திக்க."

நாத்தனார் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

ஜன்னலுக்குள் திரையை இழுத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, மடியில் இரண்டு இடக்கைகளையும் போட்டுக்கொண்டாள் ஜன்னல்காரி. வெளியே அடுத்த பஸ்ஸுக்கு வந்த கூட்டத்தின் முணுமுணுப்பு. உள்ளே அவள் தலைக்குள்ளும் ஒரு முணுமுணுப்பு. ஒரு மாதமாக ஈ ஓட்டிய மண்டைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

'இவ்வளவு நேரம் என்னைக் கேட்டியே, இப்ப நான் கேக்கட்டுமா?'

'கேளுங்களேன். யார் பயந்தா?'

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கையைச் சரியாக மாட்டினால் உள்ளங்கை அப்பாவுக்குப் போகும். இடுப்பில் ஊன்றிய கை அம்மாவுக்கு வரும். இதுவரை அவள் கேட்டாள். இனி அவன் கேட்கிறான். தப்பைத் திருத்தினால் அதுவே பதிலாகிவிடுகிறதே!

"அண்ணி! ஒரு குடை! சிவப்பு! ஓடுங்க!"

"நானா ஓடணும்? என் முட்டிக்கு?"

"சரி, நடங்க! ஆனா சீக்கிரம் நடங்க!"

கைகள் அவரவர் தோளுக்குப் போய்ச் சேர்ந்தன. கிளிக், கிளிக். சிவப்புக் குடையை அம்மாவின் வளைந்த முழங்கையிலேயே, முதுகோடு ஒட்டி, பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் மாட்டினாள். பிள்ளையின் தலையை ஒரு பிடி திருப்பி, நேராக அந்தக் குடையைப் பார்க்க வைத்தாள். திரையை விலக்கிவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். மழை தலையில் அடித்தது. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தாள். அப்பாவின் நீட்டிய கை, அம்மாவின் வீம்பு, அவள் முழங்கையில் சிவப்பாக ஒரு குட்டு. நனைந்து சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

மறுநாள் கண்ணாடிக்கு முன்னால் காய்கறிப் பைக்காரி தன் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நேத்து இந்தம்மா அந்த மனுஷனை என்ன பாடு படுத்தினா தெரியுமா? இப்பப் பாரு, குடை யார்கிட்ட இருக்குன்னு!"

"தன் கையிலயே வச்சுக்கிட்டா? ஐயோ, எங்க வீட்டு நியாயமாவே இருக்கே!"

"ஆனா ஒத்துக்கறாளா பாரு. இடுப்புல கை!"

"நாம மட்டும் ஒத்துப்போமா?"

மழைக்கோட்டுப் பெரியவர் கண்ணாடியருகே குனிந்து பிள்ளைப் பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தார். "நேத்து உன்னைத் தப்பாச் சொல்லிட்டேம்ப்பா. மனசுல வச்சுக்காதே."

மாப்பிள்ளை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். "சரி பண்ணச் சொன்னேனே?"

"பண்ணிட்டேனே. அவங்கவங்க கை அவங்கவங்களுக்கு. நீங்களே பாருங்க."

"அப்புறம் ஏன் இன்னும் கூட்டம் நிக்குது?"

"அதை அவங்களைத்தான் கேக்கணும்."

கூட்டத்தில் சிலர் உள்ளேயும் வந்தார்கள். "அந்தச் சண்டைக்காரம்மா போட்டிருக்கிற நீலக் கோட்டு என் அளவுக்கு இருக்கா?" என்றாள் ஒருத்தி. "எனக்கு அந்தப் பாவப்பட்ட மனுஷனோடது" என்றார் ஒருவர். முதலாளியின் முகம் அகன்றுகொண்டே போனது. மாப்பிள்ளையும் முட்டாள் இல்லை. யோசித்துவிட்டு ஒரு யோசனையோடு வந்தார்.

"சரிம்மா, நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு செய்யலாம். யார் என்ன பேசுறாங்கன்னு பெரிய எழுத்துல எழுதி மேல மாட்டிடலாமே? வர்றவங்களுக்கு ஈசியாப் புரியும்."

"வேண்டாம் தம்பி."

"ஏன்?"

"நாம எழுதிட்டா அவங்க படிச்சுட்டுப் போயிடுவாங்க. எழுதாததாலதான் பேசறாங்க. நான் கை, காலைத்தான் வைப்பேன். வாய் அவங்களோடது."

அதற்குப் பிறகு ஜன்னல் தினமும் மாறியது. ஒருநாள் அப்பாவும் அம்மாவும் முதுகோடு முதுகாக நின்றார்கள். நடுவில் பிள்ளை ஒரு காலுறையைத் தூக்கிப் பிடித்திருந்தான். இன்னொரு நாள் அப்பாவின் கோட்டுப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்று கோணலாகப் போட்டிருந்தன. அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பி நின்றாள். சாயங்காலமானால் ஜன்னல்காரி கூரைக்கு அடியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஒட்டுக் கேட்பாள். கேட்டதிலிருந்து அடுத்த நாளுக்கு நூல் பிடிப்பாள். மழை கொட்டும். அவள் காதில் பேச்சு மட்டும்தான் விழும்.

வீட்டில் லிஃப்ட் ரிப்பேர்காரர் ஒரு காலை கண் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. கூடத்தில் விளக்கு எரிந்தது.

"நல்லவேளை, வந்தீங்க. அப்படியே நில்லுங்க. கையை இடுப்புல வைங்க. கோவமா."

"பல்லுகூட விளக்கல. நான் எதுக்குக் கோவப்படணும்?"

"நான் உங்க மேல கரண்டியை வீசிட்டேன்."

"எப்ப?"

"வீசினா எப்படி நிப்பீங்கன்னு பார்க்கறேன். ம்ஹூம், இது கோவம் மாதிரி இல்ல, வயித்து வலி மாதிரி இருக்கு. தோளை ஏத்துங்க."

அவர் தோளை ஏற்றினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை ஸ்கிரீன் வந்தது. ஆள் உயர அட்டைப்பெட்டி, வாசலை அடைத்துக்கொண்டு.

"மாப்பிள்ளை, இது இப்ப வேணுமா?" என்று இழுத்தார் முதலாளி.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. இது மழைக்கு ஒதுங்கின கூட்டம். வேற போக்கிடம் இல்ல, பார்க்குது. வெயில் அடிச்சாப் பாருங்க, ஒரு ஆள் நின்னா என்னைக் கேளுங்க."

ஜன்னல்காரிக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் எரிச்சல் இருந்தது. ஆனால் பொய்யென்று அடித்துச் சொல்ல அவளுக்கும் தைரியம் இல்லை. நிற்கிறவர்கள் எல்லோரும் மழையால்தானே வந்தார்கள்?

"அப்ப வெயில் அடிக்கட்டும்" என்றாள்.

"என்னம்மா?"

"வெயில் அடிக்கிற முதல் நாள் பார்த்துடலாம். கூட்டம் நின்னா ஜன்னல். நிக்கலேன்னா நீங்க மாட்டுங்க, நான் மாடிக்குப் போய் மடிக்கிறேன்."

"நியாயமாத்தான் சொல்லுது" என்றார் முதலாளி அவசரமாக. மாப்பிள்ளையும் தலையாட்டினார்.

தையல் அறையில் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னை யாருடி வாயைக் குடுக்கச் சொன்னது?"

"நாலு கேள்வி கேக்கலேன்னு நீங்கதானே திட்டினீங்க?"

ஒவ்வொரு மழைக்காலமும் சூரியன் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக் கிடந்தவள், அந்த வாரம் முழுக்க மேகத்தைப் பார்த்து, 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்' என்று கெஞ்சினாள். பிறகு கெஞ்சவும் மறந்துபோனாள். அவளுக்குப் புதிதாக ஒரு ஆள் கிடைத்திருந்தது. கிடங்கில் காலொடிந்து கிடந்த பழைய பொம்மை ஒன்றை நாத்தனார் கட்டை வைத்துக் கட்டி நிறுத்திக் கொடுத்தாள். அந்தப் பொம்மையின் வலக்கையில் ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டிருக்கும். மணிக்கட்டைத் திருப்பினால் விரல் எந்தப் பக்கமும் திரும்பும்.

ஒருநாள் காலை திரைக்குள் வேலை மும்முரமாக நடந்தது. புதிய பொம்மைக்குப் பச்சைக் கோட்டு, இடக்கையில் பயணப் பெட்டி. அம்மாவின் முகத்துக்கு நேராக நிறுத்தினாள்.

"யாருடி இது?" என்றாள் நாத்தனார்.

"வீட்டுக்கு விருந்தாளி. வீட்டுக்காரரோட அக்கா. சொல்லாமக் கொள்ளாம வந்து இறங்கிட்டாங்க."

"நானா?"

"சேச்சே. உங்களுக்கு இவ்வளவு மெல்லிய இடுப்பு ஏது?"

"வாயைப் பாரு! ரெண்டு வாரம் முன்னாடி செத்த எலி மாதிரி கிடந்தே."

"அண்ணி, யாரு இந்த லைட்டைப் போட்டது? கண்ணு கூசுது. அம்மா முகத்துல நிழலே நிக்க மாட்டேங்குது. அணைக்கச் சொல்லுங்க."

நாத்தனார் திரையைத் திரும்பிப் பார்த்தாள். திரைத் துணி முழுக்க மஞ்சளாக இருந்தது.

"அண்ணி, உங்களைத்தான். அந்த லைட்டு."

"அதை அணைக்கிற சுவிட்ச் என்கிட்ட இல்லடி."

ஜன்னல்காரி அப்போதுதான் நிமிர்ந்தாள். மஞ்சள் வெளிச்சம் தரையிலும், பொம்மைகளின் காலிலும், அவள் கையிலும் கிடந்தது. அவள் வாயில் கவ்வியிருந்த ஊசி கீழே விழுந்தது. வெயில்! எப்போது வந்தது? வீட்டிலிருந்து கடைவரை நடந்து வந்தாளே, வழியெல்லாம் இந்த விருந்தாளி என்ன பேசுவாள் என்றே யோசித்துக்கொண்டு வந்தாளே, தரை காய்ந்திருந்ததைக்கூடப் பார்க்கவில்லையே!

"அப்ப இன்னிக்குத்தான்..."

"இன்னிக்குத்தான்."

"வெளிய எத்தனை பேர் இருக்காங்க?"

"எனக்குப் பார்க்கப் பயமா இருக்கு. நீயே இழு."

அவள் திரையின் கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள்.

கூரைக்கு அடியில் இடம் இல்லை. கூரைக்கு வெளியே, சுள்ளென்று அடிக்கும் வெயிலில், நடைபாதையை நிறைத்துத் தெருவில் பாதிவரை ஆட்கள். புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டும், குடையை வெயிலுக்குப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். காய்கறிப் பைக்காரி முன்வரிசையில் இருந்தாள். கல்லூரிப் பெண் தன் வகுப்பையே கூட்டிவந்தவள் போலத் தெரிந்தாள். பஸ் ஒன்று வந்து நின்றிருந்தது. அதில் யாரும் ஏறவில்லை, நாலு பேர் இறங்கினார்கள். மழைக்கோட்டுப் பெரியவர் இன்று மழைக்கோட்டு இல்லாமல் வந்திருந்ததால் அவளுக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமானது.

"அடேங்கப்பா, இது யாரு புதுசா?"

"பெட்டியோட வந்திருக்கா. போற மாதிரி தெரியல."

"நாத்தனாரா இருக்கும்!"

"நாத்தனாரேதான்! அந்தம்மா மூஞ்சியைப் பாருங்க!"

தையல் அறையின் மகாராணி திரைக்குப் பின்னால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

வாசலில் முதலாளி எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை! ஸ்கிரீன் மாட்ட ஆளுங்க வந்து நிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?" என்று கூவினார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து குரல் வந்தது. "திருப்பி அனுப்பிடுங்க மாமா! கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது! இவ எத்தனை நாள் தங்கப் போறான்னு தெரியணும்!"

ஸ்கிரீன் மாட்ட வந்த இரண்டு பேரும் ஏற்கெனவே கூட்டத்தில்தான் நின்றார்கள். "ஒரு மாசம் தங்குவா சார்" என்றான் ஒருவன். "என் அக்கா அப்படித்தான்."

ஜன்னல்காரி கண்ணாடிக்குள்ளேயே நின்றாள். வெயில் முகத்தில் நேராக விழுந்தது. தெரு முழுக்க முகங்கள். எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன என்று காத்துக்கொண்டு. அவள் ஒரு நொடி அவர்களைக் காக்க வைத்தாள். பிறகு பச்சைக் கோட்டுப் பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பினாள். நீண்டிருந்த விரல் அப்பாவைத் தாண்டி, பிள்ளையைத் தாண்டி, நேராக அம்மாவின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

தெரு சிரித்த சிரிப்பில் பஸ் டிரைவரே இறங்கி வந்தார்.